கம்பெனிக்காரன் தெரியாமலா பூட்டி வெச்சிருப்பான்?

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம். ஆனா போன வாரம் கேண்டீன்ல ஒருத்தர் சொன்ன ஒரு வரி வயித்தெரிச்சலைக் கிளப்பி விட்டுருச்சு. அதை இங்க கொட்டலைன்னா தூக்கம் வராது.

ஊர்ல அப்பாகிட்ட ஒரு பழைய பொட்டி இருக்கு. ஏதோ ஒரு ஆபீஸ்ல கழிச்சுக் கட்டினது. 2012ல, நான் ஒன்பதாவது படிக்கும்போது, ரிச்சி ஸ்ட்ரீட்ல 6,500 ரூபாய்க்கு அப்பா வாங்கிட்டு வந்தார். பஸ்ல மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தாராம். நான் சி ப்ரோகிராம் எழுதக் கத்துக்கிட்டது அதுலதான். உள்ள இருக்கறது கோர் 2 டூயோ இ6320, 1.86 கிகாஹெர்ட்ஸ். 2007 சரக்கு. எஸ்எஸ்டி போட்டு, ராம் ஏத்தி, லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். ஜம்முனு ஓடுது. ஒரே ஒரு குறை, அப்பா யூட்யூப்ல பழைய பாட்டுக் கச்சேரி பார்க்கும்போது 720ல வெச்சா படம் திக்குது. பாகவதர் வாயைத் திறந்து ரெண்டு செகண்ட் கழிச்சுதான் மூடுறார். இப்போதைய வீடியோ வடிவங்களைப் பிரிச்சுக் காட்ட அந்தக் காலத்து கிராபிக்ஸுக்குத் தெரியாது. பாரம் மொத்தமும் ப்ராசஸர் தலையில.

சரி, கொஞ்சம் ஓவர்கிளாக் பண்ணுவோம்னு பொங்கல் லீவுல உட்கார்ந்தேன். கணக்கு சின்னது. போர்டு ஒரு அடிப்படைத் துடிப்பு கொடுக்கும், சிப் அதைத் தனக்குள்ள ஒரு எண்ணால பெருக்கிக்கும். இ6320க்கு 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கல் 7. அந்த 266ஐ 333 ஆக்கினா 2.33 கிகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான் சமாச்சாரம்.

பயாஸ்குள்ள போனா தேதி மாத்தலாம், நேரம் மாத்தலாம், எந்த டிஸ்க்ல இருந்து பூட் ஆகணும்னு சொல்லலாம். வேற ஒண்ணும் கிடையாது. கடையில தனியா விக்கிற போர்டுல பக்கம் பக்கமா இருக்கற விஷயம், பிராண்டட் பொட்டியில மொட்டை. பழைய விண்டோஸ் 7 டிஸ்கை மாட்டி செட்எஃப்எஸ்பி ஓட்டிப் பார்த்தேன். அது போர்டுல இருக்கற கிளாக் சிப்கிட்டயே நேரா பேசற சின்ன மென்பொருள். பூதக்கண்ணாடி வெச்சு சிப் மேல இருக்கற நம்பரைப் படிச்சுக் கொடுத்தும் வேலைக்கு ஆகலை. இந்த மாதிரி கிளாக் சிப்கள்ல டிஎம்இன்னு ஒரு கால் உண்டு. அதை ஒரு நிலையில கட்டி வெச்சுட்டா வேகத்தை மாத்தவே விடாது. எங்க பொட்டியில கட்டி வெச்சுட்டாங்க. இது மறதி இல்லை சாமி, யாரோ உட்கார்ந்து யோசிச்சுப் பண்ணின வேலை.

இந்தக் கதையைக் கேண்டீன்ல சொன்னப்பதான் அந்த சீனியர் திருவாய் மலர்ந்தார்: "கம்பெனிக்காரன் தெரியாமலா பூட்டி வெச்சிருப்பான்? எரிஞ்சிடும், அதான்."

எரிஞ்சிடுமா? பார்ப்போம். இ6320 வந்த சில மாசத்துலேயே, அதே 2007ல, இ6550னு ஒண்ணு வந்துச்சு. அதுக்கும் 4 எம்பி கேஷ். அதுவும் 65 வாட்ன்னு குறிச்சது. பெருக்கல் எண் அதுக்கும் 7. துடிப்பு மட்டும் 333. நான் எந்த வேகத்துக்குப் போகணும்னு கேட்டேனோ, அதே வேகம். எங்க பொட்டியைச் செஞ்ச புண்ணியவான்களே அதே மாடலை இ6550 போட்டும் வித்திருக்காங்க. போர்டு அதேதான், பவர் சப்ளை அதேதான், ஃபேனும் அதேதான். அப்ப எரியாத போர்டு, நான் தொட்டா மட்டும் எரிஞ்சிடுமா?

நியாயத்தையும் சொல்லிடறேன். ஒரே தகட்டுல வெட்டின எல்லா சிப்பும் ஒரே வேகத்துல ஓடாது. 1.86னு முத்திரை குத்தினா 1.86க்குத்தான் உத்தரவாதம். 2.33ல தொங்கிப் போனா அது என் தலையெழுத்து. வாரண்டி கிடையாதுன்னு எழுதி ஒட்டு, நான் கையெழுத்துப் போடறேன். ஆயிரம் பொட்டி வாங்கற ஆபீஸ்ல யாராவது நோண்டி வெச்சா ஆதரவு மையத்துக்கு போன் பறக்கும்ங்கிறதும் நிஜம். அதுக்குப் பாஸ்வேர்டு போடலாம், எச்சரிக்கை காட்டலாம். காசு கொடுத்து வாங்கினவன்கிட்ட இருந்தே ஒளிச்சு வைக்கிறது எந்த ஊர் நியாயம்? அப்பாவோட டிவிஎஸ் 50ஐ மெக்கானிக் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பி ட்யூன் பண்ணுவார். ஜாஸ்தி திருப்பினா ப்ளக் கறுக்கும். அதுக்காக யாரும் ஸ்க்ரூ மேல ஈயத்தை ஊத்தி அடைக்கலையே.

பூட்டோட பூர்வீகமும் சுவாரசியமானது. 1998ல செலரான் 300ஏ வந்தப்ப, 66ஐ 100 ஆக்கி 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450ல ஓட்டினாங்க. போர்டு ஒத்துழைக்கலைன்னா பி21ங்கிற ஒரு முனை மேல டேப் ஒட்டினா போதும். 2000ல ஏஎம்டி அத்லான் சிப் மேல இருந்த குட்டிப் பாலங்களைப் பென்சிலால கோடு போட்டு இணைச்சு பெருக்கல் பூட்டைத் திறந்தாங்க. பென்சில், டேப், அவ்வளவுதான் ஆயுதம். 90கள்ல சிப் கம்பெனிகள் பெருக்கல் எண்ணைப் பூட்டினதுக்கு ஒரு நல்ல காரணம் இருந்துச்சு. வேகம் குறைஞ்ச சிப் மேல இருக்கற எழுத்தைச் சுரண்டி, வேகமானதுன்னு எழுதி வித்த வியாபாரிகள் இருந்தாங்க. ஒத்துக்கறேன்.

ஆனா அப்புறம் என்ன ஆச்சு? 2010ல இன்டெல் 50 டாலருக்கு ஒரு அட்டை வித்துப் பார்த்துச்சு. பென்டியம் ஜி6951 வாங்கினவர், அந்த அட்டையைச் சுரண்டி நம்பரை அடிச்சா, அவர் சிப்புல ஏற்கனவே இருக்கற கேஷ்ல இன்னொரு பகுதியும் ஹைப்பர்த்ரெடிங்கும் முழிச்சுக்கும். ரீசார்ஜ் கூப்பன் மாதிரி! வீட்டைக் கட்டிக் கொடுத்துட்டு ஒரு ரூமைப் பூட்டி, சாவிக்குத் தனி ரேட். ஜனங்க காறித் துப்பினாங்க, 2011லேயே மூட்டையைக் கட்டினாங்க.

அதே 2011ல சாண்டி பிரிட்ஜ். துடிப்பை 100ல நிறுத்தி மத்த எல்லாத்தையும் அதோட கோர்த்து விட்டதுல, அதை சில சதவீதத்துக்கு மேல அசைக்க முடியலை. பெருக்கல் எண்ணை இஷ்டத்துக்கு ஏத்தணுமா, 205 டாலர் ஐ5-2500க்குப் பதிலா 216 டாலர் ஐ5-2500கே வாங்கு, அதுக்கேத்த சிப்செட் போர்டும் வாங்கு. 2012ல ஓவர்கிளாக் பண்ணி சிப் செத்தா ஒரு தடவை மாத்திக் கொடுக்க இன்ஷூரன்ஸ் மாதிரி ஒரு திட்டம் வேற. 2021 வரைக்கும் வித்தாங்க. ஆக, 11 டாலர் கூடக் கொடுத்தா ஆபத்து இல்லை. கொடுக்காட்டி எரிஞ்சிடும். இதுல மோசடி வியாபாரி எங்கே வந்தான்? 2015 கடைசியில சில போர்டு கம்பெனிகள் கே இல்லாத ஸ்கைலேக் சிப்களையும் ஓவர்கிளாக் பண்ண பயாஸ் விட்டாங்க. 2016 தொடக்கத்துல வந்த புது பயாஸ்கள்ல அந்த வசதி காணாமப் போச்சு. அதுக்குள்ள எத்தனை பொட்டி எரிஞ்சுதாம்?

இதெல்லாம் எழுதற நான் ஆபீஸ்ல என்ன பண்றேன்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. போன வருஷம் முழுக்க லைசென்ஸ் சரிபார்க்கற கோடுதான் எழுதினேன். ஒரே மென்பொருள், உள்ள எல்லா வசதியும் இருக்கு, காசு கட்டாதவனுக்கு அந்த பட்டனை மறைக்கணும். மறைக்கறது நாலு வரி. அதுக்கு அப்ரைசல்ல பாராட்டு கூடக் கிடைச்சுது. அதனால பூட்டறவன் எப்படி யோசிப்பான்னு எனக்கு நல்லாவே தெரியும் சீனியர். எரிஞ்சிடுமேன்னு எங்க மீட்டிங்ல ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை.

சரி, கதைக்கு வரேன். கடைசியில நானும் டேப்புக்குத்தான் போனேன். சிப்போட அடிப்பக்கம் பிஎஸ்இஎல்னு மூணு முனை இருக்கு. எனக்கு எத்தனை துடிப்பு வேணும்னு போர்டுக்குச் சொல்றது அதுதான். மூணும் தாழ்ந்திருந்தா 266. அதுல ஒண்ணை மட்டும் மறைச்சா அது உயர்ந்துடும், போர்டு 333ன்னு படிச்சுக்கும். மொபைல் சர்வீஸ் கடை அண்ணன்கிட்ட சூடு தாங்கற மஞ்சள் டேப் கொஞ்சம் கேட்டேன். "எந்த போனுக்கு தம்பி?"ன்னார். கதையைச் சொன்னதும் சிரிச்சுட்டு காசு வாங்கலை. கடுகு அளவுக்கு வெட்டி ஒட்டணும். முதல் தடவை நகர்ந்துடுச்சு, திரை கறுப்பு, ஃபேன் மட்டும் ஹெலிகாப்டர் மாதிரி. எனக்கு வேர்த்துருச்சு. எரிஞ்சுதுன்னா கேண்டீன்ல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்! மறுபடி பிரிச்சு, துடைச்சு, ஒட்டி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பட்டனை அழுத்தினேன். 2.33.

ரெண்டு மணி நேரம் சோதனை ஓட்டினேன், 66 டிகிரியைத் தாண்டலை. 720ல பாகவதர் சரியான நேரத்துக்கு வாயை மூடறார். 1080 கேக்காதீங்க, அதுக்கெல்லாம் இந்த உடம்பு தாங்காது.

அப்பா ஒரு பாட்டு முழுசா பார்த்துட்டுச் சொன்னார்: "நெட்டு இன்னிக்கு நல்லா வருதுடா."

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ஆபீஸ் பொட்டியில டேப் ஒட்டி மாட்டிக்கிட்டா நான் பொறுப்பில்லை. அது அவங்க பொட்டி.