கறுப்பு வீரனை வணங்கிய நகரம்

கறுப்பு நிறத்தைக் கண்டால் இளக்காரம் தோன்றுவது மனித சுபாவம் என்று சிலர் சொல்கிறார்கள். அது பிறவிக் குணமாம். மாற்ற முடியாதாம்!

இது உண்மையா? இல்லை என்கிறது ஒரு கல் சிலை.

அந்தச் சிலை ஜெர்மனி நாட்டில், மாக்டபர்க் நகரத்துப் பெரிய தேவாலயத்தில் இருக்கிறது. அந்த நகரைக் காக்கும் புனிதர் என்று மக்கள் போற்றிய மாரிசின் சிலை அது.

மாரிஸ் யார்?

ரோமாபுரி சேனையில் ஒரு படைக்கு அவர் தளபதி. எகிப்து நாட்டின் தீப்ஸ் பகுதியில் இருந்து வந்த படை அது. கிறிஸ்தவர்களைத் தாக்கும்படி சக்கரவர்த்தி உத்தரவு போட்டார். மாரிசும் அவருடைய வீரர்களும் கிறிஸ்தவர்கள். குற்றமற்றவர்களைக் கொல்ல முடியாது என்று மறுத்துவிட்டார்கள்.

சக்கரவர்த்திக்குக் கோபம் வந்தது. பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் வெட்டச் சொன்னார். அப்போதும் யாரும் பணியவில்லை. கடைசியில் அத்தனை பேரும் உயிரை விட்டார்கள். 3-ம் நூற்றாண்டின் இறுதியில் இது நடந்ததாகக் கதை சொல்லுகிறது.

937-ம் ஆண்டில் ஜெர்மானிய மன்னர் முதலாம் ஓட்டோ, மாரிசின் பெயரால் மாக்டபர்க்கில் ஒரு மடம் அமைத்தார். அது முதல் மாரிஸ் அந்த ஊருக்குக் காவலர் ஆனார்.

முகம் மாறியது

மாரிஸ் எகிப்தில் இருந்து வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஐரோப்பியச் சிற்பிகள் நெடுங்காலம் அவரைத் தங்களைப் போலவே வெள்ளைக்காரராகச் செய்தார்கள்.

1207-ம் ஆண்டில் பழைய தேவாலயம் தீப்பிடித்தது. 1209-ல் புதிய தேவாலயம் கட்டத் தொடங்கினார்கள். அதற்காக, 1240-க்கும் 1250-க்கும் இடையில் ஒரு சிற்பி மாரிசின் சிலையைச் செதுக்கினார்.

என்ன ஆச்சரியம்! மாரிஸ் கறுப்பு நிற ஆப்பிரிக்கராக நின்றார்!

அப்போது ஆண்ட 2-ம் பிரடெரிக் சக்கரவர்த்தியின் அரசவையில் ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். அதனால் ஆப்பிரிக்க முகம் ஜெர்மனிக்கு முற்றிலும் புதிது அல்ல.

அந்தச் சிலையில் கேலி இல்லை. வேலைக்காரன் கோலம் இல்லை. உடல் முழுவதும் இரும்புச் சங்கிலிக் கவசம். கண்ணில் அமைதி. முகத்தில் உறுதி. பிரபு குலத்து வீரருக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை!

அதே காலத்தில் பிசாசைக் கறுப்பாகத் தீட்டிய ஐரோப்பியரும் உண்டு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் மாக்டபர்க் மக்கள் கறுப்பு முகத்தின் முன் மண்டியிட்டார்கள். தங்கள் ஊரைக் காக்கும்படி வேண்டினார்கள்.

சுமார் 1520-ல் குரூனேவால்ட் என்ற ஓவியர் தீட்டிய படம் ஒன்று மியூனிக் நகரில் இருக்கிறது. அதில் கறுப்பு மாரிஸ் பளபளக்கும் வெள்ளிக் கவசம் அணிந்து, எராஸ்மஸ் என்ற வெள்ளைக்காரப் புனிதருடன் சரிசமமாக நின்று பேசுகிறார்.

பிறகு இத்தகைய படங்கள் குறைந்தன. ஜெர்மனியில் மதச் சீர்திருத்தம் பரவி, புனிதர் வணக்கம் குறைந்தது. அடுத்த நூற்றாண்டுகளில், ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்கும் வியாபாரம் கொழுத்தது. கறுப்பு மட்டம் என்ற பேச்சு அந்த வியாபாரத்துக்கு வசதியாக இருந்தது.

சிலை சொல்லும் பாடம்

ஆகவே, நிற வெறுப்பு பிறவிக் குணம் அல்ல. கற்றுக் கொடுத்து வருவது. கற்றதை மறக்கவும் முடியும்.

மாக்டபர்க் நகரம் 1631-ல் போரில் எரிந்தது. 1945-ல் குண்டு வீச்சில் நொறுங்கியது. மாரிஸ் சிலையில் காலின் கீழ்ப்பகுதி உடைந்து போயிற்று. கையில் இருந்த ஈட்டியும் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பு முகம் இன்றும் நிமிர்ந்து பார்க்கிறது.

பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன் நிறத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். “கொஞ்சம் கறுப்புதான்” என்று தொட்டிலுக்குப் பக்கத்திலேயே சொல்லுகிறார்கள். வெறுப்பின் முதல் பாடம் அங்கேதான் ஆரம்பம்.

அந்தப் பாடத்தை நம் வீட்டில் யாரும் நடத்த வேண்டாம்!