கண்ணில் பிரஷர் என்றால்

கேரளத்தின் அதியன்னூர்ப் பக்கம் விடியற்காலையில் நடக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். வேகமாக நடந்தால் கண்ணின் அழுத்தமும் சற்றுக் குறையும். நடந்து முடித்ததும் சிரசாசனத்தில் நிற்பவர்களை நினைத்துத்தான் கவலை. சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பழகிய 75 பேரைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கானது. நலமான கண் தாங்கிக்கொள்ளும். நரம்பு நலிந்த கண்ணுக்கு அந்தச் சில நிமிடங்களும் ஆபத்து. வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதும் அழுத்தத்தை ஏற்றும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாமே.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழி அடைபட்டு, அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பட்டுப்போகிறது. வலிக்காது. போன பார்வை திரும்பாது.

சிரசாசனத்துக்குப் பயந்தாலும் தியானத்தை நான் தள்ளிவிடவில்லை. டெல்லி எய்ம்ஸில் குளுக்கோமா, அதாவது இப்படிப் பார்வை நரம்பு பட்டுப்போகும் நோய், உள்ளவர்கள் 21 நாள் தியானம் செய்தபோது அழுத்தம் நன்றாகவே இறங்கியதாக 2018-இல் எழுதினார்கள். ஆனால் அவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு உட்காரவில்லை. கீரையும் நெல்லிக்காயும் உடம்புக்கு நல்லவை. சொட்டு மருந்தின் வேலையை அவை செய்யா. அழுத்தம் கூடியவர்களை வைத்து 2002-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வில், மருந்து போடாதவர்களில் ஐந்தாண்டில் 9.5 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, போட்டவர்களில் 4.4 சதவீதம்தான்.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பில், குளுக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாது. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் மட்டும் வேறாகவா இருக்கும்?

அப்பாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தால் பரிசோதனைக்கு 40 வயதுவரை காத்திருக்காதீர்கள். திருவனந்தபுரம் மண்டல கண் மருத்துவ நிலையத்துக்குப் போனாலும் திருநெல்வேலிக்குப் போனாலும், அழுத்தத்தோடு பார்வை நரம்பையும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். ஏனென்றால், இயல்பின் மேல் எல்லையாகச் சொல்லப்படும் 21 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே அழுத்தம் உள்ளவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.