அச்சத்திற்கு மருந்து விளையாட்டு

நயினாதீவிற் பிறந்த குழந்தையொன்றுக்குச் சத்திரசிகிச்சை வேண்டுமென்று வைத்தியர்கள் முடிவு செய்தால், அக்குழந்தையின் சோதனை இறங்குதுறையிலேயே தொடங்கிவிடுகின்றது. படகேறிக் குறிகட்டுவானை அடைய வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேர வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அக்கடல் எத்தகையது என்பதைத் தீவக மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏதோ நடக்கப் போகின்றது என்பதை வீட்டாரின் முகங்களைப் பார்த்தே பிள்ளை அறிந்துகொள்கின்றது. என்ன நடக்கப் போகின்றது என்பதை மட்டும் எவரும் அதற்குச் சொல்வதில்லை.

சொல்லாமல் விடுவதோடும் நின்றுவிடுகிறோமா? "கோயிலுக்குப் போகிறோம்", "ஊசி போடமாட்டார்கள்" என்று பொய்யும் சொல்கிறோம். சோறுண்ண மறுக்கும் பிள்ளையை "டொக்டரிடம் கொண்டுபோய் ஊசி போடுவிப்பேன்" என்று மிரட்டி வளர்த்த நாமே, அதே டொக்டரின் கையில் அப்பிள்ளையை ஒப்படைக்கும் நாளில் அது அலறக்கூடாது என்றும் எதிர்பார்க்கிறோம். இதைவிடப் பேதைமை வேறில்லை.

இத்தனைக்கும், குழந்தையின் அச்சத்தை விளையாட்டினால் வெல்லும் வித்தை எமது சமூகம் அறியாததன்று. காது குத்தும் சடங்கை நினைத்துப் பாருங்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை இருத்தி, வாயிற் கற்கண்டை வைத்து, சுற்றி நிற்போர் கைகொட்டிச் சிரிப்புக் காட்ட, ஊசி தன் வேலையை முடித்துவிடுகின்றது. பிள்ளை அழுவது உண்மை. எனினும் அந்த அழுகை அறிந்த முகங்களின் நடுவே எழுந்து அறிந்த மடியிலேயே அடங்கிவிடுகின்றது. வீட்டு முற்றத்தில் நாம் கையாளும் இந்த அறிவை வைத்தியசாலை வாயிலில் ஏன் விட்டுவிட்டுச் செல்கிறோம்?

ஈதர் என்னும் மயக்க மருந்தின் ஆற்றல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து ஆற்றிய தொண்டை இந்நாட்டுத் தமிழர் மறக்கமாட்டார். மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். அந்நாள் முதல் இந்நாள் வரை நோவை அடக்கும் கலை வியக்கத்தக்க வளர்ச்சி பெற்றிருக்கின்றது. ஆனால் மயக்க மருந்து நோவை அடக்குமேயன்றி, மயங்குவதற்கு முன்னுள்ள நாழிகைகளின் திகிலை அடக்காது.

அந்தத் திகில் அழுது தீர்ந்துபோகும் சிறு விடயமென்று எண்ணுவோர் பலர். மயக்கவியல் அறிஞர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. அழுது திமிறும் குழந்தைக்கு மூச்சுக் குழாயிற் சளியும் நீரும் பெருகுகின்றன; மயக்கமூட்டும் பணி கடினமாகின்றது. மிகுந்த அச்சத்துடன் மயங்கிய பிள்ளைகளில், விழிக்கும்போது வெறிகொண்டாற்போலப் பிதற்றுவோரும், வீடு திரும்பிய பின் இரவில் அலறி எழுவோரும், படுக்கையை நனைப்போரும், தாயை ஒருகணமும் பிரிய மறுப்போரும் கூடுதலாகக் காணப்படுகின்றனர். சிலரிடம் இது வாரக்கணக்கில் நீடிப்பதுண்டு. நாற்றைப் பிடுங்கி நட்ட தோட்டக்காரன் முதற் சில நாட்களுக்கு அதற்கு நிழல் கொடுக்கிறான். வேர் ஊன்றுமுன் வாடிய கன்று பிறகு எவ்வளவு நீர் இறைத்தாலும் தேறுவது அரிது என்பது அவனுக்குத் தெரியும்.

மேல்நாட்டாரும் இதனை எளிதிற் கற்றுக்கொள்ளவில்லை. பெற்றோர் வந்து போவதால் பிள்ளைகள் கலக்கமடைகின்றனர் என்று காரணங்காட்டி, அவர்களை வாசலிலேயே நிறுத்திய வைத்தியசாலைகள் இங்கிலாந்தில் நிறைய இருந்தன. 1952இல் ஜேம்ஸ் ரொபேட்சன் என்பார், குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியொருத்தியைப் படம்பிடித்துக் காட்டினார். வைத்தியர் பலர் சினந்தனர். ஆயினும் சத்திரசிகிச்சை நிபுணரான சேர் ஹரி பிளற் தலைமையிலான குழு 1959இல் வெளியிட்ட அறிக்கை, பெற்றோருக்கு வாயிலைத் திறந்துவிடுமாறு கூறியது. தாய் விடுதியில் பிள்ளையுடன் தங்குவது எமது வைத்தியசாலைகளில் வழக்கமாயிருப்பது பெரும் பேறென்றே சொல்லவேண்டும். ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவண்டை அந்தக் கை பிரிக்கப்படுகின்றதே, அங்கேதான் விளையாட்டுக்கு வேலையிருக்கின்றது.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 5 முதல் 12 வயது வரையான 40 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. கோமாளிகள் உடன்சென்ற பிள்ளைகளிடம் அச்சம் தெளிவாகக் குறைந்திருந்தது. கூடத்து ஊழியர் பலரோ, தமது வேலைக்கு இடையூறென்று முகஞ்சுளித்தனர்! எந்த நாட்டிலும் அலுவலர் அலுவலரே போலும். மறு ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் வைத்தியர் அனுராதா பட்டேலும் குழுவினரும் 112 பிள்ளைகளை ஆராய்ந்தனர். பெற்றோர் மட்டும் உடனிருந்த பிள்ளைகளுக்கும், பெற்றோரோடு அச்சந்தணிக்கும் மருந்தும் பெற்ற பிள்ளைகளுக்கும் முகமூடி வைக்கும் வேளையில் பதற்றம் ஏறியது. பெற்றோரோடு கையடக்க விளையாட்டுக் கருவியும் பெற்றிருந்த பிள்ளைகளுக்குக் குறிப்பிடத்தக்க அளவில் அது ஏறவில்லை.

இதற்கு இத்தாலியக் கோமாளி எமக்கு வேண்டியதில்லை. நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலத்திற் பிள்ளைகள் கேட்டு அழும் காற்றாடியே போதும். காற்றாடியை ஊதிப் பழகிய குழந்தைக்கு முகமூடிக்குள் ஊதுவதும் ஒரு விளையாட்டாகிவிடும். பொம்மைக்கு முகமூடி வைத்துப் பார்க்கச் சொல்லலாம். சோகிகளை எண்ணவைக்கலாம். பாதிக் கதையைக் கூடத்து வாயிலிற் சொல்லி, மீதியை விழித்தபின் சொல்வதாக வாக்களிக்கலாம். அந்த வாக்கைக் கட்டாயம் காப்பாற்றவும் வேண்டும்.

இவற்றுள் எதுவும் உண்மைக்குப் பதிலாகாது. பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சில நாட்கள் முன்னதாகவும், மிகச் சிறிய பிள்ளைக்கு அண்மித்த வேளையிலும், அதற்கு விளங்கும் சொற்களில், "நீ உறங்குவாய், உறக்கத்தில் நோகாது, விழித்தபின் கொஞ்சம் நோகும், நான் அருகில் இருப்பேன்" என்று சொல்லிவிட வேண்டும். நடுங்கும் தந்தை அருகிருப்பதால் பிள்ளையின் நடுக்கம் தணிவதில்லை என்பதும் ஆய்வுகளிற் கண்ட உண்மை. ஆகவே தாய் தந்தையருக்கும் முன்கூட்டியே விளக்கம் தரவேண்டும். பட்டினி பற்றியும் ஒரு சொல். திட உணவை ஆறு மணி நேரத்திற்கு முன் நிறுத்துவதும், தெளிந்த நீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்வரை அனுமதிப்பதும் உலகில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் நெறி. எப்போது எதை நிறுத்துவது என்பதை விடுதித் தாதியிடம் மணிக்கணக்கில் கேட்டறியாது, அச்சத்தால் முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீரையும் மறுத்துவிடும் தாய்மார் இதனைக் கருத்திற் கொள்வாராக.

மொழியையும் நாம் பேசாமல் விடமுடியாது. சிக்கலான சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு அனுப்பப்படும் தமிழ்க் குழந்தை, தன்னைத் தேற்றுவோரின் சொல் விளங்காமற் கிடக்குமானால், அங்கே எந்த விளையாட்டும் பாதியிலே நின்றுவிடும். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று கூறுகின்றது. முகமூடிக்கு முன் அஞ்சிக் கிடக்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் காதில் அது ஒலிக்காவிடின், ஏட்டில் இருந்தென்ன பயன்? குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் ஒவ்வொரு விடுதியிலும், விளையாட்டுக் காட்டிப் பிள்ளையைக் கூடத்து வாயில்வரை அழைத்துச் செல்லவென்றே பயிற்றப்பட்ட ஒருவர், தமிழும் சிங்களமும் அறிந்தவராக, நியமிக்கப்படல் வேண்டுமென்று சுகாதார அமைச்சை நாம் கேட்கிறோம். தீவகங்களிலிருந்து வருவோரை முதல்நாளே அனுமதித்து, விடுதியையும் தாதியரையும் பிள்ளை கண்டு பழக இடமளிக்க வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் தீவக அன்பர்கள் ஊர் வைத்தியசாலைகளுக்குக் கட்டிலும் கருவியும் வழங்கி வருகின்றனர். அடுத்த முறை ஒரு பெட்டி விளையாட்டுப் பொருட்களையும் சேர்த்து அனுப்புவாராக. துணிப் பொம்மைகள் வேண்டா; அவை கிருமிகளைத் தேக்கிவைக்கும். கழுவித் துடைக்கக் கூடியனவாக இருக்கட்டும்.