கயிறு என்ன விலை?

தோல் ஷாப்பின் கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு தங்கும். மூச்சுக் கருவி வேண்டும், இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-வது பிரிவே சொன்னது. கயிறு என்ன, தங்கத்திலா செய்கிறார்கள்? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்பட 10 பேர் மாண்டனர்.

ஷாப்புத் தண்ணீர் வாசலோடு நிற்பதில்லை. 1996-இல் சுப்ரீம் கோர்ட் திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து ஜில்லாக்களின் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. கெடுத்தவனே ஈடு கட்டவேண்டும் என்றது. கிணறு கெட்டால் நிலக்காரர் பட்டாவைக் காட்டுவார். அங்கே நாற்று நட்டவள் எதைக் காட்டுவாள்? தொட்டியில் இறங்குபவருக்குக் கயிறும் கருவியும், நடவுக் கூலி இழந்தவளுக்கு நஷ்டஈடும் ஒரே மனுவில் கலெக்டரிடம் போகவேண்டும் என்கிறோம்.