ரெண்டு நாளில் என்னத்தைப் பார்த்தீங்க?

சென்னையில் ஒரு புத்தக வெளியீடு. கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கொச்சி பினாலேவுக்குப் போய்வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மூத்த எழுத்தாளர் ஒருவர் சிரித்தபடி கேட்டார்: “வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி, திங்கட்கிழமை ஆபீஸ் வந்துட்டீங்க. ரெண்டு நாள்ல என்னத்தைப் பார்த்தீங்க தம்பி?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதற்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம் உண்டு. அன்று சொல்லாத பதில்தான் இது.

நான் கிளம்பும் இடம் ஊத்துக்கோட்டை. ஆந்திர எல்லை. கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயின்ட் எங்கள் பக்கம்தான். தண்ணீர் வரும் அன்று டிவிக்காரர்கள் வருவார்கள், பூ தூவுவார்கள், போய்விடுவார்கள். ஊரில் ஓவியத்துக்கென்று ஒரு சுவர்கூடக் கிடையாது. பெரியபாளையம், செங்குன்றம் தாண்டி சென்னைக்குள் போய்ச் சேரவே பாதி நாள் தீர்ந்துவிடும். மயிலாப்பூரிலோ அடையாறிலோ இருப்பவர் ஒரே கண்காட்சிக்கு மூன்று சாயங்காலம் போகலாம். ‘நிதானமாகப் பார்க்கணும்’ என்று அவர் சொல்லும்போது, அது ரசனையைப் பற்றிய பேச்சு மாதிரிதான் கேட்கும். உண்மையில் அது வீட்டு முகவரியைப் பற்றிய பேச்சு.

நேரம் குறைவு என்பதுதான் குற்றம் என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். புரட்டாசியில் எங்கள் ஊர் வழியாகத்தான் திருப்பதிக்கு நடந்து போவார்கள். காலில் கொப்புளத்தோடு மலையேறி, மணிக்கணக்காக வரிசையில் நின்று, கடைசியில் கிடைப்பது சில விநாடிகள். அதற்குள் ‘ஜருகண்டி’ என்று தள்ளிவிடுவார்கள். திரும்பி வந்தவரிடம் “அந்த ரெண்டு செகண்டுல என்னத்தைப் பார்த்த?” என்று யாராவது கேட்டதுண்டா? கேட்க மாட்டோம். பார்த்தது விநாடிக்கணக்கு என்றாலும், அதற்காக நடந்ததும் காத்திருந்ததும் அந்தப் பார்வையில் சேர்த்தி என்று நமக்குத் தெரியும். கண்காட்சிக்கு மட்டும் ஏன் ஸ்டாப்வாட்ச்? என் பெரியம்மாவே ஒருமுறை, “இந்தக் காசுக்குத் திருப்பதி போயிட்டு வந்திருக்கலாமேப்பா” என்றார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மரியாதையாகப் பட்டது. அவர் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறார்.

2012 டிசம்பர் 12இல் கொச்சி பினாலே தொடங்கியது. நான் முதலில் போனது மூன்றாவது பதிப்புக்கு, 2016 டிசம்பரில். ஆலப்புழை எக்ஸ்பிரஸில் காலையில் எறணாகுளம், அங்கிருந்து படகு, ஃபோர்ட் கொச்சி, ஆஸ்பின்வால் ஹவுஸ். மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் வணிகம் செய்த பழைய கம்பெனிக் கட்டடம். அதில் ஒரு நீளமான கூடத்தில் கடல்நீரை நிரப்பி வைத்திருந்தார் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிட்டா. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு இறங்கி நடக்க வேண்டும். துருக்கிக் கரையில் குப்புறக் கிடந்த ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் இறந்த அவன் அண்ணன் காலிப்புக்குப் படம் கிடையாது. அந்தக் கூடம் காலிப்புக்கானது. நான் அந்தத் தண்ணீரில் இருந்தது பத்து நிமிஷம் இருக்கும். பேன்ட் ஓரத்தில் உப்பு பூத்த கறையோடு ரயில் ஏறினேன். அதற்குப் பிறகு எந்தச் செய்திப் படத்தைப் பார்த்தாலும் சட்டகத்துக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறேன். ஐயா, அந்த ரெண்டு நாளில் இதைத்தான் பார்த்தேன்.

எல்லாப் பயணமும் இப்படி அமைந்ததாகச் சொன்னால் பொய். அதே மறுநாள் மட்டாஞ்சேரி வரை ஓடி ஓடி, விட்டுப்போகக் கூடாது என்று போனில் படமெடுத்துத் தள்ளினேன். அவற்றில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. ஆனால் ஓடிப் பார்ப்பவன் ஊருக்குப் போனதும் யோசிப்பதே இல்லை என்று யார் சொன்னது?

2019இல் சென்னை போட்டோ பினாலே, பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் நடந்தது. சிஷோம் 1870களில் கட்டிய மண்டபம். அன்று நான் புகைப்படங்களைவிடக் கூரையையும் வண்ணக் கண்ணாடியையும்தான் அதிகம் பார்த்தேன். வெட்கமில்லை. கண்காட்சி என்று ஒன்று நடந்ததால்தான் அந்தக் கதவு என் போன்றவனுக்குத் திறந்தது.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. “உன் ஊர் பக்கத்துலயே இல்லாததா கொச்சியில இருக்கு?” என்பவர்கள். அவர்கள் சொல்வது சரிதான். அதிரம்பாக்கம் எங்கள் பக்கம்தான். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் எடுத்த இடம். சாந்தி பப்புவின் குழு அங்கே தோண்டி எடுத்தவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் சயன்ஸ் இதழில் வந்தது. பூண்டியில் 1985 முதல் அதற்கென்றே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. திருவள்ளூர் பஸ்ஸில் அதைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன், இறங்கியதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகள் பார்க்கப் போன ஒரு சனிக்கிழமை, ஃபூட் சேகரித்த கற்களுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. என் ஊர்ப் பக்கத்துக் கல்லை அறுபது கிலோமீட்டர் தாண்டிப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான் எனக்குக் கண் திறந்தது. ஊரிலேயே இருந்திருந்தால் திறந்திருக்காது.

கோபம் போக வேண்டிய இடம் வேறு. எழும்பூர் அருங்காட்சியகம் காலை 9.30க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. லூவர் வாரத்தில் இரண்டு நாள் இரவு 9 வரை திறந்திருக்கிறது. அங்கே பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் கண் உண்டு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். சீரியஸான ரசனை பற்றிக் கவலைப்படுகிற பெரியவர்கள், வாரம் ஒரு ராத்திரியாவது அந்த வெண்கலக் கூடத்தைத் திறந்து வைக்கச் சொல்லி ஒரு மனு எழுதலாமே. ரெண்டு நாள் பயணியை நக்கலடிப்பதைவிட அது கொஞ்சம் கஷ்டம்தான்.

என் சித்தப்பா பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான், கிரைண்டிங் செக்‌ஷன். சனி ஞாயிறு எல்லாம் அவனுக்குக் கிடையாது. போன வருஷம் ஒரு நாள் காலையில் அவனைப் பைக்கில் பூண்டிக்குக் கூட்டிப்போனேன். கைக்கோடரி இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றான். நான் வருஷக் கணக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவன் காதில் வாங்கவில்லை.

“ரெண்டு பக்கமும் தட்டி எட்ஜ் எடுத்துருக்கான் பாருண்ணா” என்றான். “இந்த மூலைல ஒரு அடி கூடப் போட்டுட்டான். கல்லு போயிடும்னு பயந்து அப்படியே நிறுத்திட்டான்.”

இருபது நிமிஷம்தான் இருந்தோம். அவனுக்கு ரெண்டு மணி ஷிஃப்ட்.