சர்க்கரை இல்லை; இனிப்பு உண்டு

ஒரு சொல்லைப் பிழைபடப் பொருள்கொண்டால் உயிருக்கும் ஊறு நேரலாம் என்பதை, மொழியாசிரியனாகிய நான் வகுப்பறையில் அறியவில்லை. ஒரு திருமண வீட்டில் அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நெம்மேலிக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மண்டபம் ஒன்றில் உறவினர் வீட்டு நிக்காஹ் நடைபெற்றது. பந்தி தொடங்கக் காலந் தாழ்ந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டு உணவுக்குக் காத்திருந்த என் பெரியத்தாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. "பெரியத்தாவுக்குச் சர்க்கரை ஆச்சே!" என்று பதறிய பிள்ளைகள், 'சர்க்கரை இல்லாத' கோலாவைத் தேடி எடுத்து வந்து பருகக் கொடுத்தனர். தளர்ச்சி நீங்கவில்லை. அதைக் கண்ட என் உம்மா, "சீனித் தண்ணி கரைச்சுக் கொடுங்கடா!" என்று அதட்டினார். நினைவு தப்பாதிருந்தமையால் அவரால் அதனைப் பருக முடிந்தது. கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

பிள்ளைகளின் அன்பில் குறையில்லை. பிழை சொல்லில் இருந்தது. தமிழில் நாம் பண்டத்தையும் 'சர்க்கரை' என்கிறோம். நோயையும் 'சர்க்கரை' என்கிறோம். எனவே 'சர்க்கரை இல்லாத பானம்' என்னுந் தொடர், நோய்க்கு மாற்றான பானம் என்றே எளியோர் செவியில் விழுகின்றது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து தவிப்பவருக்கு உடனடித் தேவை சர்க்கரையே அன்றோ? அந்நேரத்தில் இப்பானம் வெறும் நீரினும் மேலானதன்று.

இதன் இனிப்பு எங்கிருந்து வருகிறது? 330 மில்லி லிட்டர் சாதாரணக் கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை உண்டு. அதனை நீக்கிவிட்டு, ஆஸ்பர்டேம், அசிசல்பேம் பொட்டாசியம், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பூட்டிகளுள் ஒன்றையோ பலவற்றையோ மிகச் சிறிதளவு சேர்க்கின்றனர். ஆஸ்பர்டேம் சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கும், சுக்ரலோஸ் 600 மடங்கும் இனிப்பவை. சுக்ரலோஸின் கதையிலும் ஒரு சொற்பிழை உண்டு. 1976-இல் இலண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்னும் இந்திய ஆய்வாளர், 'டெஸ்ட்' என்றதை 'டேஸ்ட்' என்று செவியுற்று நாவில் வைத்துப் பார்த்ததால் அதன் இனிப்பு வெளிப்பட்டது என்பர். அன்று செவிப்பிழை ஒரு கண்டுபிடிப்பைத் தந்தது; எல்லாப் பிழையும் அவ்வாறு நன்மையில் முடிவதில்லை.

இவ்வினிப்பூட்டிகளை நஞ்சென்று தூற்றுவதும் முறையன்று. 2023 சூலையில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆஸ்பர்டேமைப் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்னும் ஐயப் பட்டியலில் சேர்த்தது. அதே வேளையில் உணவுச் சேர்மங்களை மதிப்பிடும் வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லி கிராம் என்னும் பழைய நாள் வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அவ்வரம்பைக் கடக்க நாளொன்றுக்கு 9 முதல் 14 குவளை வரை பருகவேண்டியிருக்கும். அதற்கு முன்பே, 2023 மே மாதத்தில், உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாடவேண்டா என்றும் அந்நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. முன்னரே நீரிழிவு உடையோர்க்கு அவ்வறிவுரை வகுக்கப்படவில்லை; அவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

ஆக, இது நஞ்சுமன்று, மருந்துமன்று. ஒரு சுவைப் பொருள், அவ்வளவே. ஆனால் இதனைப் பருகியவர், "நான்தான் சர்க்கரை சேர்க்கவில்லையே" என்று பிரியாணியை இருமுறை வாங்கி உண்பதையும் பந்தியில் காண்கிறோம்.

புட்டியின்மேல் எச்சரிக்கை இல்லையா எனலாம். உண்டு. ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உடையோர்க்கு ஆஸ்பர்டேம் ஆகாது என்பதும் அச்சிடப்படுகின்றது. ஆனால் எம்மொழியில்? கட்டாய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ தந்தால் போதும் என்பதே நம் நாட்டு உணவு விதி. தமிழில் தருவது விற்போரின் விருப்பம். விளம்பரம் மட்டும் கொஞ்சு தமிழில் வருகின்றது. எச்சரிக்கையோ எறும்பளவு ஆங்கிலத்தில் நிற்கின்றது. விற்பதற்குத் தமிழ் வேண்டும், காப்பதற்கு வேண்டா என்பது என்ன நீதி? தமிழ்நாட்டில் விற்கும் உணவுப் பொருளின் எச்சரிக்கை தமிழிலும் இருத்தல் வேண்டும் என்று கேட்பது வெறும் மொழிப்பற்றன்று, உயிர்க்காப்பு.

நெம்மேலிக் கடற்கரையில் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுடைய இரண்டாம் நிலையமும் திறக்கப்பட்டன. அங்கே உப்பு நீங்கினால் உவர்ப்பும் நீங்குகின்றது, எஞ்சுவது நீர். இப்பானத்திலோ சர்க்கரை நீங்கியும் இனிப்பு நீங்கவில்லை. இனிப்பின்மீது நாவு கொண்ட வேட்கையும் நீங்கவில்லை. வள்ளுவர் 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதியில் உணவின் அளவையே பேசியதன் நுட்பம் இங்கே விளங்கும்.

பெரியோர்களே, தாகத்திற்கு நீரும் நீர்மோரும் நம் வீட்டிலேயே உள்ளன. மாணவச் செல்வங்களே, இனி ஒரு புட்டியை வீட்டு முதியவர் கையில் கொடுக்குமுன், அதன்மேல் உள்ள சிற்றெழுத்துகளைப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். நீங்கள் கற்ற இருமொழியும் அவ்வொரு நிமிடத்தில் பயன்பெறும்.