வக்கீலை வேண்டாத கோர்ட்டில் ஒரு வக்கீல்

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தில் 13-ஆவது பிரிவு கொஞ்சம் விசித்திரமானது. கட்சிக்காரருக்காக வக்கீல் ஆஜராவது அங்கே உரிமை இல்லை. தேவையென்று பட்டால் சட்டம் தெரிந்த ஒருவரின் உதவியை நீதிபதி கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். நடைமுறையில் அனுமதி வாங்கிக்கொண்டு வக்கீல்கள் உள்ளே போகிறார்கள். ஆனாலும் சட்டமே முகம் சுளிக்கிற இடத்தில், ‘இதுதான் என் வேலை’ என்று சிலர் ஊன்றி உட்கார்ந்துவிடுகிறார்களே, எப்படி?

இதில் வேடிக்கை, குடும்பங்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவரே ஒரு வக்கீல். துர்காபாய் தேஷ்முக். எட்டு வயதில் மணம் முடிக்கப்பட்டு, வயது வந்தபின் அந்த வாழ்க்கையை மறுத்தவர். 1942-இல் சட்டப் பட்டம் பெற்றுச் சென்னையில் தொழில் செய்தவர். 1953-இல் சீனா போய்வந்தபின் நேருவிடம் தனி நீதிமன்ற யோசனையைப் பேசினார். சட்டம் வந்தபோது அவர் இல்லை, 1981-இலேயே காலமாகிவிட்டார்.

அந்த ‘எப்படி?’க்கு விடை தேட, இனி திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டிக்கு வரலாம். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னைச் சுந்தரர் வேடர்களிடம் பறிகொடுத்து, பாடி மீட்ட தலம். அந்தப் பக்கத்துக் குடும்ப வழக்குகளிலும் பொன்னை மீட்பதுதான் பெரும்பாடு. சீதனம் பெண்ணின் தனிச்சொத்து, கணவன் வீட்டார் கையில் இருந்தாலும் அவர்கள் காவலர்கள் மட்டுமே, திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1985-இல். தீர்ப்பு தெளிவு, நகைக்குக் கணக்குதான் கிடையாது. பில் அப்பா பேரில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி வளையலை எண்ண வேண்டியதுதான்.

“இந்த ஆரம் எங்கம்மா எடுத்தீங்க?”

“அது அம்மாயி போட்டதுங்க. அழிச்சுப் பண்ணுனதுங்க.”

சினிமா வக்கீலுக்கு இந்தக் காட்சி எழுதமாட்டார்கள். ஆனால் இந்தத் தொழிலில் ஆளைப் பிடித்து வைப்பது வாதத் திறமையைவிட இந்தப் பொறுமைதான் என்று தோன்றுகிறது.

ஜீவனாம்சத்திலும் அப்படியே. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு ஒன்றரை ஷிப்ட் ஓட்டி, சனிக்கிழமை கையில் சம்பளம் வாங்குகிற ஆள் கூண்டில் ஏறினால், “வேலையே இல்லீங்க” என்பார். சம்பளச் சீட்டுக்கு எங்கே போவது? ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்றது. ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடவும் சொன்னது. அதற்குப் பிறகு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு, பைக் லோன் தவணை எல்லாம் வாய் திறக்க ஆரம்பித்தன.

உத்தரவு வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. பணம் வராவிட்டால் வசூலுக்கு வாரன்ட் கேட்கலாம், உள்ளே வைக்கவும் செய்யலாம். ஆனால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். வாய்தாவுக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று தள்ளிப்போடும் பெண்ணுக்கு இந்தக் கெடு எங்கே நினைவிருக்கும்? டைரியில் குறித்து வைத்திருக்கும் வக்கீல்தான் போன் போட வேண்டும்: “அம்மிணி, மொத மாசப் பாக்கிக்குப் பதினோரு மாசம் ஆயிருச்சு. சனிக்கிழமை வேலை முடிச்சு அப்படியே ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”